பல்லின் அளவும் வடிவமும் பிசகியிருந்தால்: வன்னிப் பாடசாலைகளில் பல் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களுக்குப் புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூம்புப் பல், இரட்டைப் பல், பல்லுக்குள் பல் எல்லாவற்றையும் பயிற்சிக்காலத்தில் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ ஒரு பாடசாலை விறாந்தையில், சத்தம் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் வாயில் அதைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. அங்கே எச்சில் இருக்கும், வெளிச்சம் இருக்காது, அடுத்த பிள்ளை முதுகில் இடித்துக்கொண்டு நிற்கும்.

நான் பார்த்த அளவில் புதியவர்கள் தடுமாறும் இடம் வரிசைதான். கண்டவுடன் பெயர் வைத்துவிடுகிறார்கள், அப்புறம் அந்தப் பெயருக்கு ஏற்றபடி வாயைப் பார்க்கிறார்கள். எண்ணி, ஈரம் துடைத்து, அளந்து, மற்றப் பக்கத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் பெயர் வரவேண்டும். பல்லைத் தேய்க்கும் பர்ரும் கழட்டும் குறடும் அதற்கும் பிறகு.

1. போகுமுன் எடுத்துவைக்க வேண்டியவை

தலையில் மாட்டும் டோர்ச், வாய்க்கண்ணாடி, முனை மழுங்கிய புரோப், பஞ்சு, கோஸ். இவை எப்படியும் பெட்டியில் இருக்கும். இவற்றோடு மில்லிமீட்டர் அளவுள்ள சின்ன அடிமட்டமும், முனையை மழுக்கிய கவராயமும் வேண்டும். கண்ணளவு ஏமாற்றும், பக்கத்துப் பல் சின்னதாக இருந்தால் சாதாரணப் பல்லும் பெரிதாகத் தெரியும்.

காற்றடிக்கும் இயந்திரம் பாடசாலையில் இருக்காது. கமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பந்து ஒன்றை வாங்கி, சுத்தமாக வைத்து, அதற்கென்றே பாவியுங்கள். இந்த வேலையில் முக்கால்வாசி ஈரம் உலர்த்துவதில்தான் இருக்கிறது. எச்சில் மூடிய குழி கண்ணுக்குத் தெரியாது.

கூரான புரோப்பைத் தவிருங்கள். புதிதாக முளைத்த பல்லில் குத்திப் பார்த்தால், இல்லாத குழியை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

2. வயதைக் கேட்டுவிட்டுப் பல்லை எண்ணுங்கள்

முதலில் வயது. வகுப்பை வைத்து ஊகிக்க வேண்டாம், பிறந்த மாதத்தைக் கேளுங்கள். மேல் நடு வெட்டும்பல் 7 முதல் 8 வயதிலும், பக்க வெட்டும்பல் 8 முதல் 9இலும், மேல் வேட்டைப்பல் (கோரைப்பல்) 11 முதல் 12இலும், கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் 11 முதல் 12இலும் முளைக்கும். இந்தக் கணக்கு மனதில் இல்லாவிட்டால், முளைக்காத பல்லையும் இல்லாத பல்லையும் ஒன்றாக்கிவிடுவீர்கள்.

பிறகு மேல் வலப்பக்கத்தில் தொடங்கிச் சுற்றி எண்ணுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் சர்வதேச இரண்டிலக்க எண்ணைக் (கீழ் இடப்பக்க இரண்டாம் முன்கடைவாய்ப்பல் 35 என்பது போல) கொப்பியில் எழுதுங்கள். வடிவம் மாறிய பல்லைக் கண்டாலும் அதில் நிற்காமல் கடைசிவரை போங்கள். எண்ணாமல் பெயர் வைத்தால் எங்கே பிழைக்கும் என்பதற்கு ஒரு உதாரணம்: இரண்டு நடுப்பற்களுக்கு இடையில் கூம்பாக நிற்பது பெரும்பாலும் மேலதிகப் பல். அதே கூம்பு பக்கப் பல்லின் இடத்தில் நின்றால் அது சிறுத்துப்போன பக்கப் பல். முதலாவது இருந்தால் மற்றப் பற்கள் இடம் மாறும், அல்லது முளைக்காமல் நிற்கும்; அதற்கு எக்ஸ்ரே படம் எடுத்துப் பெரும்பாலும் கழட்ட வேண்டிவரும். இரண்டாவதைக் கழட்டக்கூடாது.

இந்தக் கட்டத்திலேயே இரண்டு பொய் எச்சரிக்கைகளைக் கழித்துவிடலாம். ஏழு வயதுப் பிள்ளையின் நடுப்பல் "மண்வெட்டி மாதிரி" பெரிதாக இருக்கிறது என்று தாய்மார் வருவார்கள். மேல் நடு நிரந்தரப் பல்லின் அகலம் சுமார் 8.5 மில்லிமீட்டர், அதன் பக்கத்தில் நிற்கும் பாற்பல் சுமார் 5 மில்லிமீட்டர்தான். முகம் வளர்ந்து மற்றப் பற்களும் வந்தால் சரியாகிவிடும். அடுத்தது, புதுப் பல்லின் விளிம்பில் மூன்று சின்ன மேடுகள். அவை வாள்பல் மாதிரித் தெரியும், உடைந்த பல் என்று சொல்லிக் கூட்டிவருவார்கள். கடித்துக் கடித்துத் தானே தேய்ந்துபோகும், ஒன்றும் செய்ய வேண்டாம்.

பாடப்புத்தகத்தை அண்மையில் மூடியவர்கள் பல்லின் விளிம்பில் ஒரு வெட்டைக் கண்டவுடன் அது பிறவிச் சிபிலிஸின் அடையாளம் என்று எழுதிவிடுகிறார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குச் சிபிலிஸ் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று தந்தது. அந்தச் சொல்லை ஒரு தாயின் காதில் போடுமுன் நன்றாக யோசியுங்கள்.

3. நிறக் குறையையும் வடிவக் குறையையும் பிரியுங்கள்

வவுனியா மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட்டு கூடுதல். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் வெள்ளைக் கோடுகள், கபிலத் திட்டுகள், கடுமையானால் பள்ளங்களும் இருக்கும். இது மேற்பரப்பின் குறை. பல்லின் அடிப்படை வடிவம் மாறியிருக்காது, இரு பக்கமும் ஒத்த பற்களில் ஒரே மாதிரி இருக்கும்.

இதில் வழக்கமான பிழை என்னவென்றால், கறையைக் கண்டு "புளோரைட்டு" என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவது. கறைக்கு அடியில் வடிவக் குறையும் இருக்கலாம். ஒரே ஒரு பல்லில் மட்டும் குறை இருந்தால் தண்ணீரைச் சாட்ட வேண்டாம். பாற்பல் காலத்து அடியையோ சீழ்க்கட்டையோ கேளுங்கள்.

4. சின்னப் பல்: அளந்து, மற்றப் பக்கத்தையும் பாருங்கள்

அதிகம் சிறுப்பது மேல் பக்க வெட்டும்பல். முரசோரத்தில் (ஈறோரத்தில்) இருக்கும் அகலத்தை விடக் கடிக்கும் விளிம்பின் அகலம் குறைந்திருந்தால் கூம்புப் பல் என்று எழுதலாம். வடிவம் சரியாக இருந்து அளவு மட்டும் குறைந்திருந்தால் சிறு பல் என்று எழுதி, அளவையும் போடுங்கள். சாதாரணமாக அந்தப் பல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம்.

கண்டவுடன் மற்றப் பக்கத்துக்குப் போங்கள். ஒரு பக்கம் கூம்பாக இருந்தால் மறுபக்கத்தில் அந்தப் பல்லே இல்லாமல் இருப்பது அடிக்கடி காணும் சோடி. அடுத்தது, யாரும் செய்ய மறக்கிற படி: விரலை மேல் உதட்டுக்குள் விட்டு வேட்டைப்பல் இருக்கும் இடத்தில் முரசுக்கு மேலே தடவுங்கள். 10 வயதளவில் அங்கே ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். பக்கப் பல் சிறுத்த பிள்ளைகளில் வேட்டைப்பல் அண்ணப் பக்கமாகத் திரும்பிவிடுகிற வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். மேடு இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்றால் படத்துக்கு அனுப்புங்கள். நேரத்தோடு பிடித்தால் பாற்பல்லைக் கழட்டுவதோடு பல வேளை வழி திரும்பிவிடும். விட்டுவிட்டால் சத்திரசிகிச்சையும் கம்பியும்.

வாய் முழுக்கச் சின்னப் பற்கள், முன்பற்கள் ஈட்டி மாதிரிக் கூர், பல பற்கள் இல்லை என்றால் வாயை விட்டு முகத்தைப் பாருங்கள். தலைமயிர் ஐதா? புருவம் இருக்கிறதா? "விளையாடினால் பிள்ளைக்கு வேர்க்குமோ அம்மா?" என்று தாயிடம் கேளுங்கள். தோலும் மயிரும் பல்லும் சேர்ந்து குறைபடும் ஒரு பிறவி நிலையில் வியர்வைச் சுரப்பி போதியளவு இருக்காது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிளிநொச்சி வெயிலில் காலைக் கூட்டத்துக்கு நிற்கவைத்தால் அந்தப் பிள்ளைக்கு உடல் கொதித்துவிடும். அடிக்கடி காரணமில்லாக் காய்ச்சல் என்று மருந்து எடுத்திருப்பார்கள். குழந்தை நல நிபுணருக்குத் துண்டு எழுதுங்கள். வகுப்பாசிரியரிடம் அன்றே சொல்லுங்கள்: நிழலில் நிற்கட்டும், தண்ணீர்ப் போத்தல் பக்கத்தில் இருக்கட்டும், ஈரத்துணி வைத்திருக்கட்டும். பல்லை வைத்து உயிரைக் காப்பாற்றுகிற சந்தர்ப்பம் எங்கள் தொழிலில் அடிக்கடி வராது.

5. இரட்டைப் பல்: ஒன்றாக எண்ணிப் பாருங்கள்

அகலமான பல், நடுவில் ஒரு பள்ளக்கோடு. இரண்டு பல் ஒட்டியதா, ஒரு பல் பிளக்கப் பார்த்து நின்றுவிட்டதா? அதை ஒரே பல்லாக எடுத்து எண்ணுங்கள். மொத்தம் சரியாக வந்தால் பிளந்தது, ஒன்று குறைந்தால் ஒட்டியது. சாதாரணப் பல் மேலதிகப் பல்லோடு ஒட்டினாலும் எண்ணிக்கை சரியாகத்தான் வரும் என்பதால், இந்தக் கணக்கை முடிந்த முடிவாக எழுதாதீர்கள். வேரையும், பற்கூழ் (நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்பகுதி) இருக்கும் உள்ளறையையும் பார்க்கப் படம் வேண்டும்.

பாற்பற்களில் இதைக் கீழ் முன்பக்கத்தில் அதிகம் காணலாம். கவனிக்க வேண்டியது இரண்டு. பள்ளக்கோட்டில் சூத்தை வேகமாகப் பிடிக்கும். அதை அன்றே அடைத்துவிடுங்கள். அடுத்தது, ஒட்டிய பாற்பல்லுக்குக் கீழே வரவேண்டிய நிரந்தரப் பல் ஒன்று இல்லாமல் போகலாம். 6, 7 வயதில் ஒரு படம் எடுத்தால் பின்னால் வரும் இடைவெளிக்குத் திட்டம் போடலாம்.

நடுவால் வெட்டி இரண்டாக்கிவிடலாம் என்று நினைக்கிற துணிச்சல்காரர்கள் உண்டு. பல வேளைகளில் உள்ளறை ஒன்றுதான். வெட்டினால் நேரே பற்கூழுக்குள் போய் நிற்பீர்கள்.

6. குழியும் முளையும்: இங்கேதான் நேரம் செலவிடுங்கள்

மற்றவை பெரும்பாலும் அழகுக்கும் இடத்துக்குமான பிரச்சினை. இங்கே சொல்லப்போகும் மூன்றும் சூத்தையே இல்லாத நல்ல பல்லைச் சாகடிக்கும்.

முதலாவது, பல்லுக்குள் பல். மேல் பக்க வெட்டும்பல்லின் பின்புறம், முரசை ஒட்டிய மேட்டில் ஒரு குழி. எனாமல் வெளியிலிருந்து உள்ளே மடிந்து போயிருக்கும். உள்ளே போன எனாமல் மெல்லியது, சில இடங்களில் இல்லவே இல்லை. கிருமி அந்த வழியால் பற்கூழுக்குப் போய்விடும். வாய்க்கண்ணாடியைப் பின்புறம் வைத்து, ஊதி உலர்த்தி, மேல் நான்கு வெட்டும்பற்களையும் பாருங்கள். கூம்புப் பல்லின் நுனியிலும் இந்தக் குழி இருக்கலாம். ஒரு பக்கம் கண்டால் மறுபக்கத்தையும் விடாதீர்கள்.

படத்தில் இதை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். ஓலர்ஸ் 1957இல் வகுத்த முறை. மடிப்பு பல்லின் தலைப்பகுதிக்குள்ளேயே முடிந்தால் முதல் வகை. வேருக்குள் இறங்கினால் இரண்டாவது. வேரின் பக்கவாட்டிலோ நுனியிலோ வெளியே திறந்தால் மூன்றாவது. முதல் வகையைச் சீலன்ட் பூச்சோ பல்நிறக் கொம்பொசிட்டோ வைத்து அடைத்து, தவணைக்குத் தவணை பார்த்தால் போதும். மற்ற இரண்டும் நிபுணருக்கு. படம் எடுக்க நாளாகும் என்றால் அதுவரை குழியைத் திறந்து விடாதீர்கள். பல்லில் வலியோ வீக்கமோ இல்லையென்றால் கிளாஸ் அயனோமர் சிமெந்தாவது வைத்து மூடிவிட்டு அனுப்புங்கள்.

இரண்டாவது, மேல் வெட்டும்பல்லின் பின்னால் கொக்கி மாதிரி நீளும் முளை. முரசோரத்திலிருந்து விளிம்பு வரையுள்ள உயரத்தில் பாதியாவது எட்டினால்தான் அதை முழு முளை என்பார்கள். நாக்கில் உரசும், கீழ்ப்பல் அதில் இடித்து மேல்பல்லை வெளியே தள்ளும், முளையின் இரு பக்கத்துக் கோட்டிலும் சூத்தை பிடிக்கும். கோடுகளை அடையுங்கள். முளையை ஒரே இருப்பில் வெட்டி எறியக்கூடாது, பற்கூழ் உள்ளே நீண்டிருக்கலாம். பல் வைத்தியர் 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் புளோரைட்டு வார்னிஷ் பூசுவார். அந்த இடைவெளியில் பற்கூழ் உள்பக்கமாகப் புதுச் சுவர் கட்டிக்கொள்ளும். அவசரப்பட்டால் அதற்கு நேரம் கிடையாது.

மூன்றாவதுதான் அதிகம் தவறவிடப்படுவது: முன்கடைவாய்ப்பல்லின் கடிக்கும் பரப்பின் நடுவில் ஒரு சின்ன முளை. ஆசிய மக்களிடம் இது கூடுதல். கீழ்ப் பற்களில், குறிப்பாக இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லில் பாருங்கள். முளைத்துச் சில மாதங்களில் எதிர்ப்பல்லில் இடித்து உடைந்துவிடும் அல்லது தேய்ந்துவிடும். உள்ளே மெல்லிய பற்கூழ் இழை இருந்தால் அதோடு வாசல் திறந்துவிட்டது. தரம் ஏழில் படிக்கும் பிள்ளை தாடை வீங்கி வரும். சூத்தையைத் தேடினால் ஒன்றும் இருக்காது. பல்லை உலர்த்தி நடுவில் பாருங்கள். வெளிறிய ஒரு சிறு வட்டம், அதன் மையத்தில் ஊசிமுனையளவு கறுப்புப் புள்ளி. அதுதான் உடைந்த முளையின் அடி.

உடையாமல் பிடித்தால் வேலை சுலபம். நீலத்தாளைக் கடிக்கவைத்து முளையில் நிறம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பல்லைச் சுத்தம் செய்து, எட்ச் அமிலம் வைத்து, இளகிய கொம்பொசிட்டை முளையைச் சுற்றிச் சரிவாகக் கட்டிவிடுங்கள். முளைக்கு முட்டுக் கிடைக்கும், முறிந்து போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஒன்றைக் கண்டால் மற்ற ஏழு முன்கடைவாய்ப்பற்களையும் குறித்துவைத்து, முளைக்க முளைக்கப் பாருங்கள்.

உடைந்து சீழ் வைத்திருந்தாலும் கழட்டத் துண்டு எழுதாதீர்கள். பல் முளைத்து ஏறக்குறைய மூன்று வருடம் கழித்துத்தான் வேர் நுனி மூடும். திறந்த நுனிக்கு எம்.டி.ஏ. என்ற சிமெந்து வைத்து மூடும் சிகிச்சை இருக்கிறது. வலி, காய்ச்சல், வீக்கத்துக்கு அன்றே பல் வைத்தியரிடம் காட்டி, அங்கிருந்து நிபுணரிடம் போகட்டும்.

இதில் ஒரு நிர்வாகச் சிக்கலும் உண்டு. பாடசாலைப் பற்சிகிச்சை 13 வயதோடு முடிகிறது. இந்தப் பல் முளைப்பதும் உடைவதும் சரியாக அந்த வாசலில்தான். "அடுத்த முறை பார்க்கலாம்" என்று நீங்கள் விட்ட பிள்ளைக்கு அடுத்த முறை உங்களிடம் கிடையாது. 12 வயதில் கண்ட முளையை அன்றே கட்டுங்கள், அல்லது பெயரோடு பல் வைத்தியரிடம் ஒப்படையுங்கள்.

7. கண்ணுக்குத் தெரியாத வடிவக் குறைகள்

ஒரு பக்க நடுப்பல் முளைத்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் மறுபக்கம் வரவில்லையா? சின்ன வயதில் விழுந்து பாற்பல் உள்ளே இறங்கியதா என்று கேளுங்கள். சைக்கிள் கரியரில் இருந்து விழுந்தது, கிணற்றுக் கட்டில் அடிபட்டது என்று அம்மம்மாவுக்குத்தான் ஞாபகம் இருக்கும். அந்த அடியில் கீழே வளரும் நிரந்தரப் பல்லின் தலையோ வேரோ வளைந்துபோயிருக்கலாம். முரசைக் கீறி வழிவிடப் பார்க்காமல் படத்துக்கு அனுப்புங்கள்.

கடைவாய்ப்பல்லின் உள்ளறை நீண்டு, வேர் தாழப் பிரியும் வடிவமும் படத்தில்தான் தெரியும். பிள்ளைக்குத் தொல்லை இல்லை. வேர்ச்சிகிச்சை செய்கிறவருக்குத்தான் தொல்லை. குறிப்பில் எழுதிவிட்டால் போதும்.

பெரியவர்களில் மேல் ஞானப்பல் பக்கத்துப் பல்லோடு வேரில் ஒட்டியிருக்கலாம். கழட்டும்போது பக்கத்துப் பல்லும் சேர்ந்து ஆடினால் குறட்டை நிறுத்திவிட்டுப் படம் எடுக்க வேண்டும்.

8. அன்றே செய்வது, அனுப்புவது, தள்ளிவைப்பது

நெடுங்கேணிக்கு அப்பால் இருக்கும் ஒரு குடும்பம் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். அதனால் அனுப்புவதை ஒரே பயணத்துக்குள் அடக்கப் பாருங்கள். குழியையும் கோட்டையும் அடைப்பது, முளைக்கு முட்டுக் கட்டுவது இரண்டும் அன்றைய வேலை. திறந்த நுனி, திரும்பிய வேட்டைப்பல், வராத நடுப்பல் மூன்றும் அனுப்ப வேண்டியவை.

கூம்புப் பல்லை அழகாக்குவது தள்ளிவைக்கலாம். வேட்டைப்பற்கள் வந்து, பல் சீரமைப்பு நிபுணர் இடைவெளியைத் தீர்மானித்த பிறகு கொம்பொசிட் கட்டினால் ஒருமுறையோடு முடியும். பிள்ளையைச் சக மாணவர்கள் கேலி செய்தால் முன்னதாகவே தற்காலிகமாகக் கட்டுங்கள், அதில் தப்பில்லை. பீங்கான் உறை வளர்ச்சி முடியும்வரை வேண்டாம். இளம் பல்லில் பற்கூழ் பெரிது, முரசோரமும் இன்னும் மேலேறும்.

துண்டில் "பல் வடிவக் குறை, தயவுசெய்து பார்க்கவும்" என்று எழுதினால் அங்கே முதலிலிருந்து தொடங்குவார்கள். இப்படி எழுதுங்கள்: "12 வயது. 35இல் நடு முளை, உடைந்துள்ளது. சூத்தை இல்லை. இரண்டு கிழமையாக வெளிப்பக்க முரசில் சீழ்முனை. 45இலும் முளை, உடையவில்லை, கொம்பொசிட் முட்டு வைத்துள்ளேன். வேர் நுனி பார்க்கப் படம் தேவை." படத்தையும் நிபுணரையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று முதலே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

9. பெற்றோரிடம் பேசும்போது

"மிஸ், இந்தப் பல்லைக் கழட்டிவிடுங்கோவன், வேற நல்ல பல்லு வரட்டும்" என்பதுதான் வழக்கமாக வரும் கோரிக்கை. நிரந்தரப் பல்லுக்குப் பிறகு இன்னொன்று வராது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பாற்பல் விழுந்த கணக்கில்தான் அவர்கள் யோசிக்கிறார்கள்.

அடுத்தது பழி. வயிற்றில் இருக்கும்போது கிரகணம் பார்த்தாய், அதுதான் பல் கோணலாயிற்று என்று தாயை வீட்டில் ஏசியிருப்பார்கள். நீங்கள் விளக்கம் கொடுப்பதை விடத் தகப்பனின் வாயைத் திறக்கச் சொல்வது நன்றாக வேலை செய்யும். சிறுத்த பக்கப் பல்லும் இல்லாத பல்லும் பரம்பரையாக வருபவை. தகப்பனிடமோ மாமியிடமோ அதே பல் இருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். தம்பி தங்கையையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.

10. பதிந்துவைத்துத் திரும்பப் பார்ப்பது

பெற்றோரின் சம்மதத்தோடு பல்லைப் புகைப்படம் பிடித்து, திகதியும் பல் எண்ணும் போட்டு வையுங்கள். ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும். 2009க்கு முன்பின் பிறந்த பலருடைய கிளினிக் புத்தகங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. இப்போது வளர்ந்தவர்களாக வரும்போது பாற்பல்லில் அடிபட்டதா, எந்தப் பல் எப்போது விழுந்தது என்று சொல்ல ஒரு தாளும் கிடையாது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தனிப் பட்டியல் போடுங்கள்: கூம்புப் பல் உள்ளவர்கள் வேட்டைப்பல் வரும்வரை வருடத்துக்கு ஒருமுறை, குழி அடைத்தவர்களும் முட்டுக் கட்டியவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பட்டியலில் இருக்கும் பிள்ளை பாடசாலை மாறினால், போகும் பாடசாலையின் பெயரை எழுதி அந்தப் பகுதி நிலையத்துக்கு அறிவித்துவிடுங்கள்.